அலுங்கின் மீசை

வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொன்று நாற்பது. சிவகாசியில் தியேட்டரின் இரும்புக் கதவு திறந்ததும் நான் முதலில் பார்த்தது, மீசைக்கு மேல் மீசை வைத்திருந்த ஒரு மனிதரை. சொந்த மீசை நரைத்திருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த கறுப்பு அட்டை மீசை கன்னம் தாண்டி நீண்டு, நுனியில் மேல்நோக்கி வளைந்திருந்தது. அவருக்குப் பின்னால் அதே மீசையோடு முப்பது பேராவது வந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் பெண்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் ஒரு நாளிதழுக்கு விருதுநகர் நிருபர். அன்று காலை என் பள்ளி நண்பன் போன் செய்து, "ரசிகர்கள் கொண்டாட்டம், வந்து ஒரு போட்டோ எடுத்துக்கோ" என்று அழைத்திருந்தான். அவன் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி முதலாளி. கூடவே அந்த ரசிகர் சங்கத்தின் தலைவர். கூட்டத்தின் நடுவில் வந்த அவனுடைய மீசை ஒரு பக்கம் பசை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

"எழுதிக்கோலே," என்றான். "மீசையை எடுத்துட்டானுக."

"யாரு?"

"ஹாலிவுட்டு."

படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆறாம் வகுப்பு படித்தபோது தமிழில் குரல் மாற்றி வந்த ஆங்கிலப் படம் அது. சுரங்கம் ஒன்றை அளவுக்கு மேல் ஆழமாகத் தோண்டுகிறார்கள். உள்ளேயிருந்து மலையளவு எறும்புத்தின்னி ஒன்று வெளியே வருகிறது. எங்கள் பக்கம் அதை அலுங்கு என்போம். அது தன்னைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு நகரத்துக்குள் உருள்கிறது. பாலம், ரயில், அடுக்குமாடி எல்லாம் தட்டையாகின்றன. கடைசியில் துறைமுகச் சரிவில் உருண்டு, கடலில் விழுந்து மூழ்குகிறது. இங்கிலீஷ் படம் ஒரு வாரம் தாண்டாத ஊரில் இது நாலு வாரம் ஓடியது. காரணம் எளிது. உடம்பைச் சுருட்டித் தரையில் சுற்றும் ஒரு மிருகத்தைச் சிவகாசிக்காரர்கள் வேற்றாளாக நினைக்கவில்லை. அது ஒரு தரைச்சக்கரம்.

அந்த வருடமே என் நண்பனின் அப்பா தரைச்சக்கரப் பெட்டிக்கு அலுங்கு லேபிள் போட்டார். மஞ்சள் தரை, சிவப்பு வானம், நடுவில் அலுங்கு. மூக்குக்குக் கீழே முறுக்கிய கறுப்பு மீசை. இன்றுவரை அந்த லேபிள் மாறவில்லை. இத்தனை வருடம் கழித்து ஹாலிவுட்டில் அதே கதையைப் புதிதாக எடுத்து வெளியிட்டபோது, முதல் காட்சி முழுவதையும் சங்கம் எடுத்துக்கொண்டது. அட்டை மீசைகளை நாரணாபுரத்தில் பெட்டி ஒட்டும் பெண்கள் வெட்டித் தந்தார்கள். புதுப் படத்தில் அலுங்கு சாம்பல் நிறத்தில், செதில் செதிலாக, நிஜ மிருகம் போலவே வந்தது. மீசை இல்லை.

"ஒரு முடிகூட இல்லை சார்," என்றாள் ஒரு பெண். அவள் சங்கத்தின் துணைத்தலைவி, நாரணாபுரத்துக்காரி. தன் அட்டை மீசையைப் பிய்த்துக் கையில் வைத்திருந்தாள். "மொளுக்குன்னு இருக்கு. மொட்டையடிச்ச மாதிரி. இதுக்காய்யா சீக்கிரம் எந்திரிச்சு, சோத்தை வடிச்சு வச்சுட்டு வந்தேன்?"

"மத்தபடி படம் எப்படி இருந்தது?"

"அதை யாரு பாத்தா? மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்."

அவளையும் என் நண்பனையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனியில் அவன் அவளை "ஏம்மா" என்பான், அவள் அவனை "மொதலாளி" என்பாள். சங்கத்தில் அவன் அவளை "அக்கா" என்பான், அவள் அவனை "அண்ணாச்சி" என்பாள். இருவரும் ஒரே வயது. தியேட்டரில் சங்கத்தார் எல்லோரும் முன்வரிசையில் கலந்து உட்காருவார்கள். அவன் வீட்டார் அந்த வரிசையில் உட்கார்ந்ததே கிடையாது. அந்த முன்வரிசை அவனுக்கு எவ்வளவு பெரிது என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை மகள் நிச்சயதார்த்தத்தைச் சங்கக் கூட்டத்துக்காக ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டான்.

செய்தியை மூன்று பத்தியில் எழுதி அனுப்பினேன். மாலையில் டெஸ்க்கிலிருந்து போன் வந்தது. தலைமை உதவி ஆசிரியர் ஒரு பெண்மணி. நிதானமாகப் பேசுவார்.

"பழைய படத்துல மீசை இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. யார் சொன்னது?"

"ஊரே சொல்லுது மேடம்."

"ஊர் சொன்னா, ஊர் சொன்னதா எழுதுங்க. இருந்துச்சுன்னு எழுதணும்னா பாத்துட்டு எழுதுங்க."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. நானே பார்த்திருக்கிறேன். கடலில் விழுவதற்கு முன் அலுங்கு கரையைத் திரும்பிப் பார்க்கும். முன்னங்கால் நகத்தால் மீசையை ஒருமுறை முறுக்கும். பிறகு விழும். தியேட்டரே அழுதது. இதை நான் கல்லூரி நண்பர்களிடம் நடித்தே காட்டியிருக்கிறேன். ஆனால் பார்த்துவிட்டு எழுதச் சொன்னால் பார்த்துத்தான் ஆக வேண்டும். நண்பனிடம் சொன்னேன். அவன் உற்சாகமாகிவிட்டான்.

"ஆதாரம் கேக்காகளா? காட்டிருவோம்," என்றான்.

பழைய படத்தின் தமிழ்ப் பிரதி சாத்தூரில், மூடிப்போன ஒரு சிடி கடைக்காரரின் பரணில் கிடைத்தது. இரண்டு வட்டு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கம்பெனி அலுவலகத்தின் மாடியில் சங்கம் கூடியது. அடுத்த வருடத்துக்கான காலண்டர் மாதிரிகள் சுவரெல்லாம் தொங்கின. டீ வந்தது, காராச்சேவு வந்தது. மீசை வரும் இடத்தில் படத்தை நிறுத்திப் போட்டோ எடுப்பதற்காக நான் டிவிக்குப் பக்கத்தில் நின்றேன்.

அரை மணி நேரத்தில் அலுங்கு சுரங்கத்தை விட்டு வெளியே வந்தது. மீசை இல்லை.

துணைத்தலைவி சொன்னாள்: "இப்பத்தானே முழிச்சிருக்கு. போகப் போக வரும்."

எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். நானும் ஏற்றுக்கொண்டேன் என்பதைக் குறிப்பிட வேண்டும். அலுங்கு பாலத்தை உடைத்தது, மீசை இல்லை. ரயிலை நசுக்கியது, மீசை இல்லை. முதல் வட்டு முடிந்து இரண்டாவது போட்டார்கள். கம்பெனியில் வேலையை மேற்பார்வை பார்ப்பவரும், தியேட்டரில் மீசைக்கு மேல் மீசை வைத்திருந்தவருமான போர்மேன் டிவிக்கு மிக அருகில் போய் உட்கார்ந்துகொண்டார். துறைமுகம் வந்தது. சரிவு வந்தது. அலுங்கு திரும்பிக் கரையைப் பார்த்தது. முன்னங்காலைத் தூக்கி, மூக்கைச் சொறிந்தது. விழுந்தது.

படம் முடிந்து எழுத்துகள் ஓடின.

"இது நாம பாத்த பிரிண்ட் இல்லை," என்றார் போர்மேன்.

"அதான் நானும் நினைச்சேன்," என்றார் இன்னொருவர். "கம்ப்யூட்டர்ல அழிச்சிருக்கானுக."

"இந்த சிடி வந்தே இருபது வருசம் இருக்குமே," என்றேன்.

"அப்பவே முடிவு பண்ணிட்டானுக சார். என்னைக்காவது ஒருநாள் மறுபடியும் எடுக்கணும், அன்னைக்கு மீசை வைக்கச் செலவாகும்னு, அப்பவே பழசுலயிருந்து எடுத்துட்டானுக. அவனுக நமக்கு மாதிரியா? அம்பது வருசத்துக்குத் திட்டம் போடுறவனுக."

துணைத்தலைவி மட்டும் வேறு வழியில் வந்தாள். "நான் படத்தை ஒரு தடவைதான் பாத்தேன் சார். பெட்டி எம்புட்டு ஒட்டியிருப்பேன், சொல்லுங்க பாப்போம். பதினோரு வயசுல இருந்து ஒட்டுதேன். கண்ணை மூடிக்கிட்டு அலுங்கை வரையச் சொல்லுங்க, வரையுதேன். மீசையில எத்தனை முறுக்குன்னு கேளுங்க, சொல்லுதேன். அம்புட்டு பாத்த எனக்குத் தெரியாதா?"

அன்றே தீர்மானம் நிறைவேறியது. ஹாலிவுட்டுக்கு எழுதவிருந்த மனுவில் புதுப் படத்தில் மீசை சேர்க்க வேண்டும் என்று முதலில் ஒரே கோரிக்கைதான் இருந்தது. இப்போது பழைய படத்தில் எடுத்த மீசையையும் திருப்பி வைக்க வேண்டும் என்று இரண்டாவதும் சேர்ந்தது. இரண்டும் முடியாவிட்டால், அடுத்த பாகத்தில் அலுங்கின் மகனுக்காவது மீசை இருக்க வேண்டும். இது போர்மேன் முன்மொழிந்த சமரசம். அதை ஏற்பதா என்று ஓட்டெடுப்பு நடந்தது. துணைத்தலைவி மட்டும் எதிர்த்து வாக்களித்தாள்.

கூட்டம் கலைந்தபின் நண்பன் என்னைப் பேருந்து நிலையத்தில் விடுவதற்காகக் காரில் ஏற்றினான். தெரு முனை திரும்பியதும் காரை ஓரமாக நிறுத்தினான்.

"மாப்ள, அது எங்கப்பா வேலைடா," என்றான்.

சொன்னவுடன் எனக்கும் புரிந்தது. சிவகாசியில் லேபிள் அடிப்பதில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. சினிமாவிலிருந்து படத்தை எடுப்பார்கள். அப்படியே எடுத்தால் யாராவது கேஸ் போடலாம். அதனால் ஓவியரிடம், "ஒரு மாத்தம் வை" என்பார்கள். நடிகையின் மூக்குத்தி இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போகும். குதிரைக்கு ஒரு கொம்பு முளைக்கும். புலி கொலுசு போட்டுக்கொள்ளும். அதோடு அது வேறு புலியாகிவிடும். அலுங்குக்கு நண்பனின் அப்பா வைத்த மாற்றம் மீசை. தியேட்டர்காரரும் அவரும் தாயாதிகள். படத்துக்கு ஊரில் ஒட்டிய சுவரொட்டிகளையும் அதே அச்சகத்தில், அதே படத்தை வைத்தே அடித்தார்கள். படத்தை இரண்டரை மணி நேரம் பார்த்துவிட்டு வந்த ஊர், மீசையை வருடக்கணக்கில் பார்த்தது.

"அப்ப சங்கத்துல சொல்லிர வேண்டியதுதானே," என்றேன்.

"என்னன்னு சொல்ல? நீங்க அழுதது எங்கப்பன் கேஸுக்குப் பயந்து வச்ச முடிக்குன்னா?"

அவனுடைய நெருக்கடி அது மட்டுமல்ல. வடக்கே ஒரு டீலர் அவனுடைய சக்கரத்தில் பாதிக்கு மேல் எடுப்பவர். புதுப் படம் அங்கே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தீபாவளிக்குப் பெட்டியின் மேல் புதுப் பட அலுங்குதான் வேண்டும், போஸ்டரில் இருப்பது போலவே வேண்டும், மீசை வைத்து அனுப்பினால் லோடைத் திருப்பி அனுப்புவேன் என்று சொல்லியிருந்தார். அங்கே பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம். அந்த ஆர்டர் போனால் அவனுக்கு சீசனே போனது. மீசையை எடுத்தால் சங்கம் போனது.

திங்கட்கிழமை அவன் சங்கத்தாரோடு விருதுநகர் கலெக்டர் அலுவலகத்துக்கு வந்து மனுவையும் கொடுத்தான். பொதுமக்களிடம் மனு வாங்கும் நாள் அது. மேசைக்குப் பின்னால் இருந்த ஊழியர் முதல் பக்கத்தைப் படித்தார், இரண்டாம் பக்கத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் முதல் பக்கத்துக்கு வந்தார்.

"எந்தத் துறைக்குங்க இது?"

"அமெரிக்காவுக்கு," என்றார் போர்மேன்.

"அதுக்கு இங்கன மேசை இல்லைங்களே."

"நீங்க ஒரு சீல் மட்டும் வச்சுக் குடுங்க. மீதியை நாங்க தபால்ல பாத்துக்கிடுதோம்."

ஊழியர் மனுவைப் பெற்றுக்கொண்டதாக முத்திரை வைத்துக் கொடுத்தார். வெளியே வந்து எல்லோரும் அந்த முத்திரையைப் போட்டோ எடுத்தார்கள். என் நண்பன் நடுவில் நின்றான். அந்தப் படம் எங்கள் பத்திரிகையில் வந்தது. செய்தியில் மீசை "இருந்ததாக ரசிகர்கள் கூறுகின்றனர்" என்று இருந்தது.

அதற்கு மூன்றாம் நாள் அச்சகத்தில் லேபிளை முடிவு செய்ய என்னையும் கூட அழைத்துப் போனான். தனியாகப் போகப் பயம் என்று நினைக்கிறேன். வடிவமைப்பாளர் கணினியில் புது அலுங்கைக் காட்டினார். மீசை தனி அடுக்காக இருந்தது. ஒரு முறை சொடுக்கினால் வரும், இன்னொரு முறை சொடுக்கினால் போகும். நண்பன் வை என்றான், எடு என்றான், வை என்றான். அலுங்கு ஆளாகிக் கொண்டும் மழித்துக் கொண்டும் இருந்தது.

"அண்ணாச்சி, மெஷின் காத்துக்கிட்டு இருக்கு," என்றார் வடிவமைப்பாளர். "அடுத்து ஒரு கல்யாணப் பத்திரிகை நிக்கு. முகூர்த்தத்துக்கு முந்தி குடுக்கணும்."

"எடுத்துரு," என்றான் நண்பன். பிறகு மெதுவாக, "முன்னங்கால்ல ஒரு நகம் கூட வச்சிரு. ஒரு மாத்தம் இருக்கட்டும்."

ஆறு நகங்களோடு, மீசை இல்லாமல் லேபிள் அச்சானது. உள்ளூரில் விற்கும் பெட்டிக்குப் பழைய மீசை லேபிளே தொடரும். வடக்கே போவது இங்கே யார் கண்ணிலும் படாது என்பது அவன் கணக்கு. பெட்டி ஒட்டும் வேலையை வழக்கமாக நாரணாபுரத்துக்குக் கொடுப்பவன், இந்த முறை ஆனைக்குட்டத்தில் ஒருவரிடம் கொடுத்தான். லேபிள் கட்டுகளைக் காக்கித் தாளில் சுற்றித்தான் அனுப்பினான்.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை லோடு ஏறியது. லாரி கிளம்பியதும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போவதாகப் பேச்சு. நானும் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு, காலையிலேயே கம்பெனிக்குப் போய்விட்டேன். லாரியில் முக்கால்வாசி ஏற்றியிருந்தார்கள். டீலர் ஒரு பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். நண்பன் ஒரு கட்டைப் பிரித்துப் பெட்டியைக் கையில் எடுத்தான். வெகுநேரம் அதைப் பார்த்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

அலுங்குக்கு மீசை இருந்தது.

அச்சு மீசை அல்ல, பேனாவால் வரைந்தது. அடுத்த பெட்டியைப் பார்த்தேன். அதிலும் இருந்தது, கொஞ்சம் தடிமனாக. அடுத்ததில் ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும். சிலது போலீஸ்காரர் மீசை, சிலது வாத்தியார் மீசை. ஒன்று அச்சு அசலாகப் போர்மேனுடையது. இன்னொரு கட்டைப் பிரித்தான், அதிலும். போர்மேன் பக்கத்தில்தான் நின்றார். சக்கரத்தை நிரப்பியது, கட்டியது, ஏற்றியது எல்லாம் அவர் மேற்பார்வையில்தான். அலுங்குக்கு மீசை இருப்பதில் அவருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

"பெட்டி எங்கயிருந்து வந்துச்சு?" என்று நண்பன் கேட்டான்.

"நாரணாபுரத்துல இருந்துதான். ஆனைக்குட்டத்துக்காரர் வீட்டுல ஆனியில கல்யாணம்லா? அவரே லேபிளை அங்கன அனுப்பிட்டார்."

அந்த நேரத்தில் உள்ளூர்ச் சரக்குக்கான பெட்டிகளோடு வேன் வந்தது. முன்னிருக்கையிலிருந்து துணைத்தலைவி இறங்கினாள். கட்டை விரலும் சுட்டு விரலும் மையில் கறுத்திருந்தன. தனியாக எங்கள் பக்கம் வந்தாள். கம்பெனி வாசல் என்றாலும் "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, பிரஸ்ல பெரிய தப்பு பண்ணிட்டாக. உங்களுக்குத் தெரியாது. மீசை விட்டுப்போச்சு. ஒண்ணு ரெண்டு இல்லை, அம்புட்டு லேபிள்லயும். உங்க காதுக்கு வந்தா மனசு கஷ்டப்படுவீகன்னு நான் சொல்லலை. தெருவே உக்காந்து போட்டுட்டோம். பேனா எங்க செலவு. கூலியெல்லாம் கேக்க மாட்டோம்."

நண்பன் அவளைப் பார்த்தான். லாரியைப் பார்த்தான்.

"ஒரு கால்ல நகம் கூடயும் இருக்கு," என்றாள் அவள். "அதை அழிக்க முடியலை. பிரஸ்காரனைக் கொஞ்சம் சத்தம் போடுங்க."

"போடுதேன்," என்றான் அவன்.

"போஸ்டர்ல இருந்து அப்படியே எடுத்துட்டான் போல. நம்ம தலைவர் கம்பெனிப் பெட்டியிலயே இப்படி வந்தா ஊர் என்ன சொல்லும்?"

மறுபடியும் அடித்து, ஒட்டி, நிரப்ப நாள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். நாள் இருந்தாலும், எதற்காக மறுபடியும் அடிக்கிறோம் என்று அவளிடம் சொல்ல வேண்டியிருக்கும். செல்போனை எடுத்தான். பெட்டியைத் திறந்து, உள்ளே வரிசையாக இருந்த சக்கரங்களை மட்டும் படம் எடுத்து டீலருக்கு அனுப்பினான்.

"கிளம்பட்டுமா அண்ணாச்சி?" என்று, மீதிக் கட்டுகளும் ஏறியபின் லாரி ஓட்டுநர் கேட்டார்.

"கிளம்புங்க."

அவள் வேனில் ஏறும்முன் திரும்பிச் சொன்னாள்: "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா பிரஸ்லயே வந்து நின்னிருப்பேன்ல. அடுத்த தடவை சொல்லி அனுப்புங்க."

"சரிக்கா," என்றான் அவன்.

இருக்கன்குடிக் கோயிலில் நீண்ட வரிசை. வெயில். அவன் டீலரின் பதிலுக்காகச் செல்போனைப் பார்த்துக்கொண்டே நின்றான். பார்த்ததற்கான அடையாளம் மட்டும் வந்திருந்தது. ஆவணியில் பதில் இல்லை. புரட்டாசியில் இல்லை. லோடு திரும்பியும் வரவில்லை. அந்த நாட்களில் அவன் எனக்கு எந்நேரமும் போன் செய்வான். வேறு ஏதாவது பேசிவிட்டுக் கடைசியில், "மை மழையில அழியுமாலே?" என்பான். ஒருநாள் அழிந்தால் நல்லது என்றான், மறுநாள் அழியாமல் இருந்தால் நல்லது என்றான். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அவனையே மறுபடியும் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். முன்மொழிந்தது துணைத்தலைவி.

தீபாவளி முடிந்த பிறகு டீலர் போன் செய்தார். பெட்டிக்கு இரண்டு சக்கரம் சுற்றாமல் நின்றுவிடுகின்றன என்றார். வேறு புகார் இல்லை.